கிரகணம் கணித்த முன்னோர், புரட்சிக்கு ஓடிவந்த துரை: இந்தக் குடும்பக் கதையை எப்படிச் சரிபார்ப்பது?

#1 கீழவீதி

வணக்கம். நாலைந்து வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இன்றைக்குத்தான் எழுதத் துணிந்தேன்.

சொந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு வருடமாகக் குடும்ப வம்சாவளி எழுதிக்கொண்டிருக்கிறேன். தர்ப்பணத்தில் சொல்கிற மூன்று தலைமுறை சுலபமாகக் கிடைத்துவிட்டது. தாத்தாவின் டைரியில் இன்னும் இரண்டு பெயர். அதற்கு மேலே ஏறினால் பெயர் இல்லை, கதை மட்டும்தான் இருக்கிறது.

கதை இது. எங்கள் முன்னோர் ஒருவர் பஞ்சாங்கம் கணிப்பவர். பிழைப்புக்காகப் புதுச்சேரி போனார். அங்கே ஒரு பிரெஞ்சுத் துரை இருந்தான். பிரான்ஸில் ராஜாவின் தலையை வெட்டிய கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து ஓடிவந்தவன். அவன் எதிரில் நம் ஆள் தரையில் சோழிகளைப் பரப்பி, காகிதம் பேனா எதுவும் இல்லாமல், வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொன்னார். துரை கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க நின்றான். நாலே நிமிஷம்தான் வித்தியாசம்.

இணையத்தில் தேடினால் லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் பெயர் வருகிறது. புதுச்சேரியில் இருந்திருக்கிறார், தமிழரிடம் கிரகணக் கணக்கு படித்திருக்கிறார். அவர்தானா எங்கள் கதையின் துரை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 முத்தியால்பேட்டை

தம்பி, வாங்க. லெ ஜாந்தீல் கதையை எங்கள் ஊரில் எப்போது சொன்னாலும் ஒரு "அடடா" விழும். ஆனால் உங்கள் துரை அவர் இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முழுப்பெயர் கியோம் ஜோசப் இயாசாந்த் ழான்-பத்தீஸ்த் லெ ஜாந்தீல் த லா கலேசியேர். பெயரே ஒரு வம்சாவளி. 1761 ஜூன் 6ஆம் தேதி வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க வேண்டும் என்று 1760 மார்ச்சில் கப்பல் ஏறினார். வழியிலேயே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. குறிப்பிட்ட நாளில் அவர் நடுக்கடலில். ஆடுகிற கப்பலில் நின்று பார்த்த பார்வை எந்தக் கணக்குக்கும் உதவாது.

அடுத்த முறை 1769இல். மனிதர் ஊருக்குத் திரும்பவே இல்லை. மொரீஷியஸ், மடகாஸ்கர், மணிலா என்று சுற்றிவிட்டு 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கையில். ஆங்கிலேயர் தகர்த்துப் போட்ட கோட்டை இடிபாட்டின் மேலேயே அவருக்கு ஒரு வானாய்வுக் கூடம் கட்டிக் கொடுத்தார்கள். கீழே நிலவறையில் வெடிமருந்து, மேலே இவருடைய தொலைநோக்கி! மதராஸ் ஆங்கிலேயர்கூட நல்ல தொலைநோக்கி ஒன்றைக் கடன் அனுப்பினார்கள். ஒரு மாதமாக வானம் பளிங்கு மாதிரி இருந்தது. 1769 ஜூன் 4ஆம் தேதி காலையில் மட்டும் மேகம். வெள்ளி கடந்து முடித்ததும் வெயில் அடித்தது. இரண்டு வாரம் பேனாவைக் கையில் எடுக்க முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

வம்சாவளி இழை என்பதால் இதையும் கேளுங்கள். 1771 அக்டோபரில் ஊர் திரும்பினால், அவர் செத்துப்போனதாக முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பங்குபோடக் கிளம்பியிருந்தார்கள். பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் இடமும் போயிருந்தது. தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வழக்கு நடத்திய வானியலாளர் உலகத்தில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

தமிழர் விஷயமும் உண்மைதான். இங்கே ஒரு தமிழர், முடிந்துபோன 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை அவர் எதிரில் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழர் கணக்கு 41 வினாடி குறைவு. அன்றைக்கு ஐரோப்பாவின் உச்சமான தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி அதிகம்.

சரி, ஏன் அவர் இல்லை? புரட்சி 1789. அவர் புதுச்சேரியை விட்டுப் போனது 1770. அவர் ஓடிவந்தவரும் இல்லை, அரசர் அனுப்பி வந்தவர். முடிந்துபோன கிரகணத்துக்குக் கடிகாரத்தோடு ராத்திரியில் நிற்கவும் வேண்டியதில்லை.

#3 சந்தேகச்சாமி

கீழவீதி அவர்களுக்கு வரவேற்பு. ஒன்று கேட்டுவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு துரை இருக்கிறான். குதிரை கொடுத்த துரை, பட்டா எழுதிக் கொடுத்த துரை, கோயிலைப் பார்த்து மிரண்ட துரை. உங்கள் கதையை முதலில் சொன்னது யார், யாரிடம் கேட்டது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?

#4 வாக்கியக்காரன்

முத்தியால்பேட்டை ஐயா சொன்னது சரி. கதையில் வருபவர் வாரன். ஜான் வாரன் என்பது மதராஸில் வைத்துக்கொண்ட பெயர், பிறந்தபோது ழான்-பத்தீஸ்த் பிரான்சுவா ஜோசப் த வாரன், 1769. ஐரிஷ் வம்சாவளி, பிரான்ஸில் லொரேன் பக்கம் வேரூன்றிய பிரபுக் குடும்பம். புரட்சியில் பிரபுக்கள் பாடு தெரிந்ததே. இவர் இந்தியாவில் ஆங்கிலேயப் படையில் சேர்ந்துவிட்டார், 33ஆம் படைப்பிரிவு.

அதே பிரிவில்தான் வில்லியம் லாம்டனும் இருந்தார். பரங்கிமலை அடிவாரத்தில் 1802 ஏப்ரலில் 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து நிலத்தை அளக்கத் தொடங்கினாரே, அவர். வாரன் அவருடைய உதவியாளர். அதே 1802இல் கோலார் பக்கம் அளக்கப் போனபோது மண்ணில் தங்கம் இருக்கிறது என்று எழுதிவைத்தவரும் வாரன்தான். 1805 முதல் சில வருடம் நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தைப் பொறுப்பில் வைத்திருந்தார். நெப்போலியன் விழுந்ததும் பிரான்ஸுக்குப் போனார். ஆனால் மனம் ஒட்டவில்லை போல. திரும்பவும் இங்கே வந்து, 1830இல் புதுச்சேரியிலேயே இறந்தார்.

1825இல் மதராஸில் "கால சங்கலித" என்று ஒரு பெரிய புத்தகம் அச்சிட்டார். தென்னிந்தியர் காலத்தைக் கணக்கிடும் முறைகள் எல்லாம் அதில். கீழவீதியின் கதை அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களைக் கொண்டு, 1825 மே 31, ஜூன் 1 இரவு நடந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவர் பெயரையும் வாரன் எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தில் இருப்பதைத் தமிழில் அப்படியே போட்டால் "சாமி நாதென் சாஷியா".

#5 கீழவீதி

கை நடுங்குகிறது.

எங்கள் குடும்பத்தில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை சாமிநாதன். பேரனுக்குத் தாத்தா பெயர். என் தாத்தா சாமிநாதன், அவருடைய தாத்தாவும் சாமிநாதன். 25 வருடத்துக்கு ஒரு தலைமுறை என்று பின்னால் எண்ணிக்கொண்டே போனால் 1825 பக்கம் இன்னொரு சாமிநாதன் வந்து நிற்கிறார்!

#6 சந்தேகச்சாமி

காவிரிக் கரையில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு சாமிநாதன் தலையில் விழும். சுவாமிமலை உங்கள் பக்கத்து ஊர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கத்தில் இருக்கும் சிக்கலே இதுதான், எந்தக் காலத்தில் நிறுத்தினாலும் ஒரு சாமிநாதன் உயிரோடு இருப்பார்.

"சாஷியா" என்பதைத்தான் பிடிக்க வேண்டும். சேஷையாவா? சாஸ்திரியை அப்படிக் கேட்டு எழுதினாரா? உங்கள் குடும்பத்தில் சேஷன், சேஷய்யா என்று யாராவது உண்டா?

#7 கீழவீதி

இல்லை. தெரிந்தவரை இல்லை.

#8 வாக்கியக்காரன்

சேஷையா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அதன் மேல் வீடு கட்ட மாட்டேன். வாரன் எழுத்துக்கூட்டுவது அவர் காதுக்கு எட்டியபடி.

பெயரைவிட எனக்கு முக்கியம் அவர் என்ன செய்தார் என்பது. இங்கே பலருக்கு வாக்கியப் பஞ்சாங்கம் என்றால் சனிப்பெயர்ச்சிச் சண்டை மட்டும்தான் தெரியும். 2023இல் திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20, திருநள்ளாறு வாக்கியத்தின் பக்கம். அந்த "வாக்கியம்" நிஜமாகவே வாக்கியம். சந்திரனின் தினசரி இடத்துக்கு மொத்தம் 248, வரருசி செய்ததாகச் சொல்வார்கள்.

முதல் வாக்கியம்: கீர்ந: ச்ரேய:

மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கூட்டெழுத்து வந்தால் கடைசி மெய்க்கு மட்டும் மதிப்பு. கீ என்பது 3, ந என்பது 0, ர என்பது 2, ய என்பது 1. வலமிருந்து இடமாகப் படியுங்கள்: 1203. அதாவது 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). சந்திரன் முதல் நாளில் நகர்ந்த தூரம். இப்படி 248 நாளுக்கு 248 சொற்றொடர். எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டவருக்கு அட்டவணை எதற்கு, காகிதம் எதற்கு?

(இதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் ஏமாந்து போவீர்கள். முதல் எழுத்து வடமொழி க வரிசையில் மூன்றாவது, அதனால்தான் 3. நம் க எல்லாவற்றுக்கும் ஒன்றே. கிரந்தத்தில் எழுதினால்தான் கணக்கு ஓடும்.)

ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான புள்ளியிலிருந்து கிளம்பி மறுபடி அங்கே வர சுமார் 27.55 நாள். ஒன்பது சுற்றுக்கு 248 நாள், கிட்டத்தட்ட மிச்சமில்லாமல். இன்னும் துல்லியம் வேண்டுமானால் 110 சுற்றுக்கு 3031 நாள், 449 சுற்றுக்கு 12372 நாள். கலி பிறந்ததிலிருந்து எத்தனை நாள் ஆனது என்று எடுத்துக்கொண்டு, பெரிய எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், மிஞ்சுவது 248க்குள் ஓர் எண். அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டியதுதான். சோழி வேண்டியிருப்பது இந்தக் கழித்தலுக்கு.

248 நாள் சுழற்சி பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருக்கிறது. அதனால்தான் அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர் 1952இல் "தமிழ் வானியல்" என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். வாரன் பார்த்த மனிதர் அவருக்கு ஒரு கடைசி சாட்சி. பாபிலோனில் கிளம்பி, கிரேக்கம் வழியாக இந்தியா வந்த ஒரு முறை, 1825இல் புதுச்சேரித் தரையில் சோழியாகக் கிடந்தது என்பார்.

#9 ஆரூரான்

இழைக்குள் புகுந்ததற்கு மன்னிக்கவும். திருவாரூர்க்காரன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

லெ ஜாந்தீல் இங்கிருந்து கொண்டுபோன அட்டவணைகளுக்கு ஐரோப்பாவில் "திர்வலூர் அட்டவணை" என்று பெயர். சில கட்டுரைகளில் இதைத் திருவள்ளூர் என்று எழுதுகிறார்கள். எடின்பரோ பேராசிரியர் ஜான் ப்ளேஃபேர் 1790இல் அச்சில் சொல்லியிருக்கிறார்: நாகப்பட்டினத்துக்கு மேற்கே 12 புவியியல் மைல். ஒரு புவியியல் மைல் 1.85 கிலோமீட்டர். கணக்குப் போடுங்கள், 22 கிலோமீட்டர். நாகையிலிருந்து மேற்கே அந்தத் தூரத்தில் எங்கள் கமலாலயக் குளம்தான் இருக்கிறது, திருவள்ளூர் வீரராகவர் இல்லை.

இழைத் தலைப்பில் புரட்சி இருப்பதால் ஒரு விஷயம். அந்தத் திருவாரூர் அட்டவணைகளை எடுத்து வைத்துக்கொண்டு 1787இல் இந்திய வானியல் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதியவர் ழான் சில்வேன் பைய்யி. கலியுகத் தொடக்கமான கி.மு. 3102இல் இந்தியர்கள் நிஜமாகவே வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்தார்கள், பின்னோக்கிக் கணக்குப் போட்டதல்ல என்பது அவர் கட்சி. இரண்டே வருடத்தில் அதே பைய்யி என்ன ஆனார் தெரியுமா? 1789 ஜூன் 20, டென்னிஸ் மைதானத்தில் பிரதிநிதிகள் கூடிச் சபதம் எடுத்தார்களே, அந்தக் கூட்டத்துக்குத் தலைமை. அடுத்த மாதம் பாரிஸின் முதல் மேயர்.

அப்புறம் சரிவு. 1791 ஜூலை 17இல் ஷாம்ப் த மார்ஸ் மைதானத்தில் கூட்டத்தின் மேல் துப்பாக்கிச் சூடு. பழி மேயர் தலையில். பதவியை விட்டுப் போன பிறகு, வானியலாளர் லாப்லாஸ் இருந்த மெலன் ஊருக்கு வந்து தங்கும்படி அழைப்பு வந்தது. போன இடத்தில் ஆட்கள் அடையாளம் கண்டு பிடித்துவிட்டார்கள். 1793 நவம்பர் 12, கில்லட்டின். குளிரில் உடம்பு நடுங்கியதைப் பார்த்து "நடுங்குகிறாயா பைய்யி" என்று ஒருவன் கேட்டதாகவும், "குளிர்தான்" என்று இவர் சொன்னதாகவும் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அடைக்கலம் கொடுக்க நினைத்த லாப்லாஸ்தான் 1796இல் பைய்யியின் 3102 வாதத்தை ஏற்க முடியாது என்று எழுதினார். லாப்லாஸ் சொன்னதுதான் சரி. எங்கள் ஊர் அட்டவணை என்பதற்காக நான் பொய் சொல்ல மாட்டேன்.

#10 சந்தேகச்சாமி

ஆரூரான் தன் ஊர்ப் பெருமையில் பாதியை விட்டுக்கொடுத்தது இந்தத் தளத்தில் வரலாற்று நிகழ்வு. பதிவு செய்துகொள்கிறேன்.

#11 நான்சிக்காரி

நான் புதுச்சேரியில் பிறந்து, 30 வருடமாக பிரான்ஸில், லொரேனில் இருக்கும் நான்சி நகரில் இருக்கிறேன். லொரேன் என்றதும் எட்டிப் பார்த்தேன்.

வாரன் குடும்பத்தைத் தேடுவது இங்கே கஷ்டமே இல்லை. மகன் எதுவார் த வாரன் 1811இல் மதராஸில் பிறந்தவர். அவரும் ஆங்கிலேய ராணுவத்தில் அதிகாரியாக இந்தியாவில் இருந்துவிட்டு, பிறகு ஆங்கிலேய இந்தியாவைப் பற்றி 1840களில் இரண்டு தொகுதி எழுதினார். அப்பா, தாத்தா, திருமணம், பட்டம், எல்லாம் அச்சில்.

லெ ஜாந்தீலைத் தயார் செய்த பாரிஸ் வானாய்வுக் கூடத்துக் கசினி குடும்பம் இன்னும் மோசம். அப்பா, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று நான்கு தலைமுறை ஒரே நாற்காலி. வரலாற்றில் அவர்களை அரசர் மாதிரி ஒன்றாம் கசினி, இரண்டாம் கசினி என்று எண்ணுகிறார்கள். ஒன்றாம் கசினி சயாமிலிருந்து வந்த இந்திய வழி வானியல் கணக்கை 17ஆம் நூற்றாண்டிலேயே அவிழ்த்துப் பார்த்தவர். நான்காம் கசினி அரச விசுவாசி, 1793இல் கூடத்தை விட்டுப் போனார், 1794இல் சில மாதம் சிறை. அவருடைய மகனோ வானத்தை விட்டுவிட்டுச் செடி கொடி ஆராய்ச்சிக்குப் போய், 1832இல் காலராவில் இறந்தார். கில்லட்டின் கூட வெட்டாத வம்சத் தொழிலை ஒரு சூரியகாந்திக் குடும்பத்துப் பூ வெட்டிவிட்டது. (அவர் ஆராய்ந்தது நிஜமாகவே அந்தத் தாவரக் குடும்பம்தான்.)

முத்தியால்பேட்டை ஐயா ஒருவரை விட்டுவிட்டார். லெ ஜாந்தீலுக்குக் கூடம் கட்டிக் கொடுத்த ஆளுநர் ழான் லா த லோரிஸ்தோன். 1720இல் காகிதப் பணத்தாலும் மிசிசிப்பி கம்பெனியாலும் பிரான்ஸையே கவிழ்த்த ஜான் லா இவருக்குப் பெரியப்பா முறை. ஆளுநருக்கு 1768 பிப்ரவரி 1ஆம் தேதி புதுச்சேரியில் ஓர் ஆண் குழந்தை. லெ ஜாந்தீல் வந்து இறங்கும்போது அது இரண்டு மாதக் குழந்தை. அந்தக் குழந்தை பிற்பாடு நெப்போலியனின் தளபதி, 1812இல் மாஸ்கோவிலிருந்து ரஷ்யத் தளபதி குத்துசோவிடம் சமாதானம் பேசப் போனவர், கடைசியில் பிரான்ஸின் மார்ஷல். பாரிஸில் அவர் பெயரில் தெரு இருக்கிறது. இன்னொரு மகன் லாபெரூசின் உலகப் பயணக் கப்பலில் போனார். 1788க்குப் பிறகு அந்தக் கப்பல்களிலிருந்து செய்தியே இல்லை.

இத்தனை பேர் பிறந்த நாளும் செத்த நாளும் எனக்கு அரை மணி நேரத்தில் கிடைக்கிறது. 1765 கிரகணத்தைக் கணித்துக் காட்டியவரை நாம் "ஒரு தமிழர்" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாமி நாதென் சாஷியாவுக்கு எழுத்துப்பிழையோடாவது ஒரு பெயர் மிஞ்சியது.

#12 முத்தியால்பேட்டை

அம்மா, விட்டுவிடவில்லை, கை ஓய்ந்துவிட்டது. வயது அப்படி.

அரசர் காலத்துப் பதிவேடும் குடியரசுக் காலத்துப் பதிவேடும் வேறு என்பதைக் கீழவீதி தம்பிக்காகச் சொல்ல வேண்டும். 1792 செப்டம்பர் 20 வரை பிரான்ஸில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பாதிரியார் கையில். அன்றைக்குப் போட்ட சட்டத்தில்தான் அது நகராட்சிக்கு வந்தது. மறுநாள் முடியாட்சியையே ஒழித்தார்கள். லெ ஜாந்தீல் இறந்தது அடுத்த மாதம், அக்டோபர் 22. செத்ததாக ஒருமுறை பொய்யாக எழுதப்பட்டவர், நிஜமாகச் செத்தது புதுச் சட்டத்தின் முதல் மாதத்தில்.

புதுச்சேரிப் பழைய பதிவேடுகளின் பிரதி பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இணையத்திலேயே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், காசு கிடையாது. ஆனால் 1825இல் ஐரோப்பியரும் கிறிஸ்தவரும்தான் ஒழுங்காகப் பதிவானார்கள். இந்துக்களின் பதிவு சீராக வருவது அந்த நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகுதான். வாரனின் மரணத்தைத் தேடினால் கிடைக்கும். அவர் எதிரில் உட்கார்ந்தவரின் மரணம் கிடைக்காது.

எங்கள் குடும்பப் பெயரே 1881 செப்டம்பர் 21 ஆணைக்குப் பிறகு வந்ததுதான். சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். என் கொள்ளுத்தாத்தா எழுத்தர் எதிரில் நின்று யோசித்த பெயர்தான் இன்றைக்கு பாஸ்போர்ட்டில். அதற்கு முன்னால் நாங்களும் உங்களைப்போலத்தான், அப்பா பெயர், ஊர்ப் பெயர், அவ்வளவே.

#13 சந்தேகச்சாமி

இரண்டு நாளாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது பிடிபட்டது.

வாரன் குறித்ததிலிருந்து இந்தக் கிரகணக் கணக்கின் பிழைகள் இவை: தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். கீழவீதியின் கதையில் நாலு நிமிடம் மட்டும் வருகிறது. 52 எங்கே போனது?

குடும்பக் கதை அப்படித்தான், நல்ல எண்ணை வைத்துக்கொள்ளும். இதில் குறை இல்லை. என் சிக்கல் வேறு. 1825இல் ஒரு பஞ்சாங்கக்காரர் வீட்டில் நேரத்தை நாழிகையிலும் விநாடியிலும்தான் பேசுவார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம், அதில் அறுபது விநாடி (இந்தப் பழைய விநாடி ஒன்று கடிகாரத்தில் 24 வினாடி). நாலு நிமிடம் என்றால் அவர்கள் வாயில் "பத்து விநாடி" என்று வந்திருக்கும். "நாலு நிமிஷம்" என்று வந்தால் அது கடிகாரக்காரன் சொன்ன எண், அச்சில் வந்த எண். நாய்கபவர் 1950களில் ஆங்கிலத்தில் இந்தப் பிழைகளை நிமிடக் கணக்கில் எழுதி, அது உலகம் பூராவும் படிக்கப்பட்டது.

கீழவீதி, மறுபடி கேட்கிறேன். கதையை உங்களுக்குச் சொன்னது யார்?

#14 கீழவீதி

நான்கு நாள் எழுதவில்லை. கோபம் இல்லை, அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு 81 வயது.

எனக்குச் சொன்னது பாட்டி. பாட்டிக்குச் சொன்னது தாத்தா. தாத்தா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா சின்ன வயசுல சொன்னப்போ நிமிஷம் எல்லாம் இல்லைடா. சோழி வெச்சு வெள்ளைக்காரனுக்குக் கிரகணம் சொன்னார்னு மட்டும்தான். அப்புறம் பட்டணத்துலேர்ந்து ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் வாங்கிண்டு வந்தார். அதுக்கப்புறம்தான் கதை நீளமாச்சு."

அந்தப் புத்தகம் என்னவென்று அத்தைக்குத் தெரியவில்லை. தாத்தாவின் அலமாரியில் இருந்ததெல்லாம் 1998இல் பழைய பேப்பர்காரனுக்குப் போய்விட்டது. போட்டது என் அப்பா. அவரைத் திட்டவும் முடியாது, கரையான்.

ஓலைக்கட்டு இருந்ததா என்றும் கேட்டேன். இருந்ததாம். தாத்தாவின் அம்மா ஓர் ஆடிப் பதினெட்டில் மஞ்சள் குங்குமம் வைத்துக் காவிரியில் விட்டுவிட்டாராம். படிக்க ஆளில்லாத ஓலை வீட்டில் இருக்கக்கூடாது என்று.

#15 சந்தேகச்சாமி

இப்படி நேர்மையாக வந்து சொல்பவர் குறைவு. நன்றி.

உங்கள் கதையை இப்போது இரண்டாகப் பிரித்து எழுதிவையுங்கள். புத்தகத்துக்கு முன்னால்: சோழி, வெள்ளைக்காரன், கிரகணம். புத்தகத்துக்குப் பின்னால்: புரட்சி, கடிகாரம், நாலு நிமிஷம். இரண்டாவது பகுதி வாரனுடையது, உங்கள் குடும்பத்துடையது இல்லை. முதல் பகுதியை நான் தூக்கிப்போட மாட்டேன். தாத்தா எதற்காக அந்தப் புத்தகத்தைத் தேடி வாங்கினார் என்று யோசியுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

#16 ஆரூரான்

சந்தேகச்சாமியே சந்தேகத்தை விட்டுக்கொடுத்தது இரண்டாவது வரலாற்று நிகழ்வு.

#17 நான்சிக்காரி

சோழி வீட்டில் இருக்கிறதா? அத்தை வைத்திருக்கிறாரா?

#18 கீழவீதி

இருக்கிறது. துணிப்பையில், 70க்கு மேல். ஆனால் அதில் புளியங்கொட்டையும் கலந்து கிடக்கிறது. பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் நாங்கள் எல்லோரும் வைத்து விளையாடியதுதான். அதை ஆதாரம் என்று கொண்டுவந்தால் சந்தேகச்சாமி ஐயா என்னை இந்தத் தளத்தை விட்டே துரத்துவார்.

#19 வாக்கியக்காரன்

ஒரே ஒரு சோதனை பாக்கி. வாக்கியம் ஓலையில் மட்டும் இருக்காது, வாயிலும் இருக்கும். அர்த்தம் தெரியாமலே பிள்ளைகள் காதில் விழுந்திருக்கும். உங்கள் அத்தையிடம் "கீர்ந: ச்ரேய:" என்று இழுத்துச் சொல்லிப் பாருங்கள். அவருடைய பாட்டி அடுக்களையிலோ திண்ணையிலோ இப்படி ஏதாவது முணுமுணுத்தாரா என்று கேளுங்கள். நீங்களாக அர்த்தம் சொல்லிவிடாதீர்கள், பதில் கெட்டுப்போகும்.

#20 முத்தியால்பேட்டை

அத்தையின் குரலைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள் தம்பி. அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். பதிவேட்டில் தேட நான் உதவுகிறேன். 1860க்குப் பிறகு உங்கள் பெயரில் புதுச்சேரியில் யாராவது தங்கிவிட்டார்களா என்று பார்க்கலாம். ஊர்ப் பெயரைத் தனி மடலில் அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம்.

#21 கீழவீதி

பெயர் அனுப்பிவிட்டேன் ஐயா.

வாக்கியக்காரன் சார், நேற்று ராத்திரி கேட்டேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார் அத்தை. தெரியாது, கேட்டதே இல்லை என்றார். போனை வைக்கப் போகும்போது, "அது என்னடா, பாட்டா மந்திரமா?" என்றார். எண் அத்தை, ஆயிரத்து இருநூற்று மூணு என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து, "போடா" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு வரைக்கும் பதிவாகியிருக்கிறது.